நீர்மருதுக்குள் கசியும் காற்று

தன் நிமிர்வால் தலைமை இருக்கையை நிறைத்திருக்கும் ஏரிக்குழுத் தலைவி வெங்கடம்மாள் அவர்களே, ஜவளகிரிக் காட்டையும் கழனியையும் காத்து நிற்கும் பெரியோர்களே, களை வெட்டிய கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே, ஷிஃப்ட் முடித்து ஓசூரிலிருந்து ஓடி வந்த தோழர்களே! மரங்களின் மூச்சை அளக்கும் ஆய்வாளர் தில்ஷாத்தின் பணிவான வணக்கம்.

பாராட்டுப் பெற வந்தவள் அல்ல நான். என் பிழையைப் பறைசாற்ற வந்தவள். போன மாதம், ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் எல்லப்பன் அண்ணனின் வயலோரத்து நீர்மருதில் குழாய் பொருத்தி அளந்தேன். "இதுலருந்து மீத்தேன் கசியுதுண்ணா, உலகத்தைச் சூடாக்குற வாயு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

மறுவாரம் வந்தால் மரம் இல்லை. அடிக்கட்டைதான் இருந்தது.

"லீக்குன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? எங்க கம்பெனியில லீக் டெஸ்ட்ல ஃபெயிலான பீஸை எடுத்து வீசிருவோம்" என்றார் அண்ணன்.

சிரிக்காதீர்கள் தோழர்களே. பதினைந்து ஆண்டு பழகிய கை அப்படித்தான் போகும். பாதியைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய வாய் யாருடையது? என்னுடையது.

மீதியை இன்று சொல்கிறேன். கசியவிடுவது மரமா? நடுக்கட்டைக்குள், காற்றுப் புகாத ஈரத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மாட்டு வயிற்றில் வாழ்பவற்றுக்கு அவை உறவுமுறை. அவை விடும் வாயு அது. அதே மரம் கரியமில வாயுவை இலை இலையாய் வாங்கி, கட்டை கட்டையாய்ச் சேர்த்து வைக்கிறதே, அதை நான் சொன்னேனா? ஏப்பம் விடுகிறதென்று கறவை மாட்டை விரட்டுவோமா? என்ன தாயே? "பாலை யாரு குடுப்பா"வா? அதைத்தான் நானும் கேட்கிறேன்.

வெட்டிய அடிக்கட்டையையும் அளந்தேன். கசிவு நிற்கவில்லை, வாங்கிய இலைகள்தான் போய்விட்டன.

ஏரிக்கரையில் இன்னும் பதினொரு மருதுகள் நிற்கின்றன. நாளைக் காலை அவற்றுக்கும் ரம்பம் வருகிறதாம், அண்ணனே ஆள் சொல்லியிருக்கிறாராம். வேர் போனால் கரை நிற்குமா? கரை போனால் ஏரி நிற்குமா? ஏரி போனால் நாம் நிற்போமா?

என்ன எல்லப்பண்ணா, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள்.

"ரம்பக்காரனுக்கு இப்பவே போன் போட்டு வேணாம்னுட்டேன் மேடம். வெட்டுன கட்டையில ஒரு துளிர் வந்திருக்குது. அதையும் அளப்பீங்களா?"

அளப்பேன் அண்ணா. இம்முறை முழுதும் அளந்து, முழுதும் சொல்லி, அதன்பிறகே பஸ் ஏறுவேன்.

பாதிப் பேச்சைப் பொறுத்து, மீதிப் பேச்சுக்கும் செவி கொடுத்த ஜவளகிரிக்கு நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.