பாதி தெரிந்த பிரார்த்தனை

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஓடுகிறேன். எதிரே கூட்டம்.

"ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டான்! உள்ளே போங்கோ!"

முதல் சத்தம் நாலு மணிக்குச் சற்றுப் பிந்திக் கேட்டது. அடிவயிற்றில் இடித்தது. அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன. அரை மணி கழித்து இரண்டாவது. அதைவிடப் பெரியது. ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. 1944 ஏப்ரல் 14. வெள்ளிக்கிழமை. தெற்கே கறுப்புப் புகை. துறைமுகம் அந்தத் திசை. அம்மா அங்கேதான் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட்.

"ரூத், நில்லுடி!"

செல்லம் மாமி கையைப் பிடித்துவிட்டாள். அடுத்த வீட்டுப் பாலக்காட்டு மாமி. தமிழை அவள் வீட்டுக் குழந்தைகளோடு விளையாடித்தான் கற்றேன். நாங்கள் யூதர்கள். வியன்னாவிலிருந்து தப்பி வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா பின்னால் வருவதாகச் சொன்னார். அவருக்குக் காகிதங்கள் கிடைக்கவில்லை. பிறகு கடிதமும் நின்றது.

அந்தத் தெருவில் நானும் அம்மாவும் மட்டும்தான் யூதர்கள்.

வெடித்தது குண்டு அல்ல. வெடிமருந்து ஏற்றிய கப்பல். அது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். ரயில் இல்லை. அம்மா இல்லை.

அந்த வாரம் எங்கள் பஸ்கா பண்டிகை. அம்மா லீவு கேட்டாள். மேலதிகாரி தரவில்லை. எட்டு நாளும் புளித்த மாவு வீட்டில் இருக்கக் கூடாது. எங்கள் குடும்ப வழக்கத்தில் அரிசியும் கூடாது. மாமி சாதம் பிசைந்து வைத்தாள். நான் தட்டைத் தள்ளினேன். அவள் கோபிக்கவில்லை.

"மறந்தே போயிட்டேன். உங்கம்மா சொல்லியிருக்கா. உருளைக்கிழங்கு வேகவைக்கறேன், இரு."

சூரியன் சாய்கிறது. வெள்ளி மாலை. எங்கள் ஓய்வுநாள் தொடங்குமுன் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நேரம். அம்மா இருந்தால் ஏற்றுவாள். பன்னிரண்டு வயது முடியட்டும், அதற்கான பிரார்த்தனையைச் சொல்லித் தருகிறேன் என்றிருந்தாள். எனக்குப் பதினொன்று.

பண்டிகையில் புதிதாகத் தீக்குச்சி உரசக் கூடாது. எரிகிற நெருப்பிலிருந்து எடுக்கலாம். இது மட்டும் எனக்குத் தெரியும். மாமி தன் சாமி விளக்கை எடுக்கப் போனாள். நான் தயங்கி நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம். அடுப்பிலேர்ந்து எடுத்துக்கோ."

ஏற்றினேன். கண்களை மூடிக்கொண்டேன். முதல் நாலைந்து வார்த்தைகள் வந்தன. அதற்குமேல் தெரியாது. உதடுகளை மட்டும் அசைத்தேன். மாமி சற்றுத் தள்ளிக் கைகூப்பி நிற்கிறாள். இரண்டு திரியும் எரிகின்றன. அவ்வளவு தனிமையை அதற்குமுன் நான் அறிந்ததில்லை.

மாமா மூன்று ஆஸ்பத்திரிகளில் தேடினார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தார்.

அவர்களே என்னை வளர்த்தார்கள். மதம் மாறச் சொன்னதில்லை. போர் முடிந்ததும் மாமி என்னை டிராமில் பைகுல்லா பக்கம் யூதர்கள் கூடும் இடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே மராத்தி பேசும் யூத அம்மாள் ஒருத்தி. மாமி தன் அரைகுறை ஹிந்தியில் கேட்டாள்.

"இஸ்கோ பூரா சிகாவோ. ஆதா ஹி மாலும் ஹை."

பாதிதான் தெரிந்த பிரார்த்தனையை அந்த அம்மாள் முழுவதும் சொல்லிக்கொடுத்தாள். வார்த்தைகள் அம்மாவுடையவைதான். ராகம் வேறு.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை நான் காத்திருக்கவில்லை. அவள் பேசத் தொடங்கியதுமே சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒருநாள் கேட்டாள்: "நம்ம தெருவுல வேற யாரும் இதைச் சொல்றதில்லையேம்மா?"

"இல்லை. நீயும் நானும்தான்."

இழந்தவர்கள். அம்மா. உடல் கிடைக்கவில்லை. அப்பா. எங்கே, எப்போது என்று தெரியாது. அப்பாவின் இரண்டு தங்கைகள். அவர்களின் ஐந்து குழந்தைகள். இழந்தவை. ஒரு வீடு. பேச ஆளில்லாமல் போன ஜெர்மன். அம்மாவின் ராகம். எவ்வளவு முயன்றும் அது திரும்பி வரவில்லை. என் மகள் பாடுவது அந்த மராத்தி அம்மாளின் ராகம்.