எங்க வீட்டுல இருளாயி பேரு வந்த கதை

இந்தப் பக்கம் ரயிலு சத்தமே கேக்காத காலம் அது. கள்ளிவயல்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ அழகுநாச்சி. புருசன் சேதுராக்கு நல்ல சம்சாரி. சாராயம் மட்டும் கொஞ்சம் சாஸ்தி.

கலியாணமாகி வருசம் திரும்பல, சேதுராக்கு வெளுத்துப் போனானாம். சோறு எறங்கல. ஏரு பிடிச்சா மூச்சு வாங்குச்சாம். வந்தவ சோத்துல இடுமருந்து வச்சு மகனை உருக்குறானு மாமியா சொன்னாளாம். ஊரும் அதையே பேசுச்சாம். அவளை அப்பன் வீட்டுல விட்டுட்டு வர வண்டி பூட்டிட்டாக. இல்லேன்னு சொன்னா யாரு நம்புவா? அழகுநாச்சி துணி மூட்டையோட வண்டியில ஏறி உக்காந்துட்டாளாம்.

அப்ப அவுக வயல்ல எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்துச்சு. ஆட்டுக்காரவுகள்ல இருளாயினு ஒரு பொம்பள. புழுக்கைய மோந்து பாத்தே எந்த ஆட்டுக்கு வயிறு கெட்டிருக்குனு சொல்லிருவாளாம். அன்னைக்கு சேதுராக்கு வரப்போரம் வெளிக்கு இருந்துட்டுப் போக, ஆடு மறிக்கப் போனவளுக்கு அந்த வாடை மூக்குல ஏறிருச்சாம். பாத்தா, வண்டி மை கணக்கா கருப்பு. நேரா வீட்டுக்கு வந்துட்டா.

வாசல்ல நின்னு மாமியாகிட்டச் சொன்னாளாம்: "மருந்து வாடை எனக்குத் தெரியாது தாயி. ரத்த வாடை தெரியும். எங்கய்யன் படுத்துக் கெடந்தப்ப அவரு துணிய நாந்தான் அலசினேன். இதே வாடைதான். வயித்துல புண்ணு, உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியுது. எங்கய்யனுக்கு வைத்தியரு இதுதான்னு சொன்னப்ப காலம் கடந்துபோச்சு, போய்ச் சேந்துட்டாரு."

மாமியா வண்டிய நிறுத்தச் சொல்லிட்டு வயலுக்குப் போனா. வரப்புல குந்தி, குனிஞ்சு மோந்தாளாம். பெத்த மகனோடதுதான. ஊருல அம்புட்டுப் பேறுகாலம் பாத்தவ, அவளுக்கு ரத்தம் தெரியாதா? திரும்பி வந்து, அடுப்புல கொதிச்ச காரக்கொழம்பத் தூக்கிக் குப்பையில ஊத்தினாளாம். பெறகு வண்டிக்கிட்ட வந்து மருமக கையப் பிடிச்சாளாம்.

"எறங்கி வா ஆத்தா. அவனுக்குக் கஞ்சி வைப்போம்."

சாராயம் நின்னுச்சு, மொளகா நின்னுச்சு. பால்கஞ்சியும் மணத்தக்காளிக் கீரையும்தான். இருளாயி தெனமும் வரப்புப் பக்கம் போய்ட்டு வந்து, இன்னும் இருக்குனு சொல்லிட்டுப் போவாளாம். ஒரு நா வந்து, "இன்னைக்கு வெறும் பீ நாத்தந்தான் தாயி" னாளாம். அழகுநாச்சி அவ கால்ல விழப் போக, கூச்சப்பட்டு ஆட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிட்டாளாம்.

அப்புறம் கிடை வேற ஊரு போயிருச்சு. அழகுநாச்சிக்கு மூத்தது பொண்ணாப் பொறக்க, இருளாயினு பேரு வச்சா. ஆட்டுக்காரி பேர நம்ம புள்ளைக்கு வைக்கலாமானு சொந்தபந்தம் கேட்டதுக்கு மாமியாதான் பதில் சொன்னாளாம்: "அவ மோந்து பாக்கலேன்னா இந்தப் புள்ளையே இல்ல."

அன்னையிலருந்து எங்க வீட்டு மூத்த பொண்ணெல்லாம் இருளாயிதான். நானும் இருளாயி. பேர மாத்தணும்னு எங்கள்ல ஒருத்தியும் இதுவரைக்கும் கேட்டதில்ல.