வெள்ளச்சியின் சம்மதம்

– எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு தெரியலக்கா. ஆனா நீதான் சொன்ன, வேலைக்கு ஆகாதுன்னு எவன் துரத்தினாலும் அதுக்கு இங்க இடம் உண்டுன்னு.

– குதிரையச் சொன்னேன்டா தம்பி. அப்பாவச் சொல்லல.

– இத்தன லாயம் கட்டி வெச்சிருக்க...

– லாயத்துல படுக்க வைக்கட்டுமா? வைக்கோல் பரப்பி, தொட்டில தண்ணி காட்டி?

– கிண்டல் பண்ணாதக்கா. நான் என்ன சொல்றேன்னா, தீவன ரூமுக்குப் பக்கத்து ரூம் சும்மாத்தானே கிடக்கு. ஒரு கட்டில் போட்டா முடிஞ்சுது. என் பொண்டாட்டி இனிமே ஒத்துக்க மாட்டேங்கிறா. பேரன் மேல செருப்ப எறிஞ்சிட்டார்.

– செருப்போட போச்சா? கொடுத்து வெச்ச புள்ள.

– இப்போ நெனப்பும் பாதி போயிடுச்சு. அதோ, லாரில உக்காந்து தூங்கிட்டிருக்கார். நீ முடியாதுன்னா பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். சத்தியமா.

– இறக்கி விடு. வழில ஒரு டீ வாங்கிக் கொடு, பாவம்.

– உனக்குக் கல்லு நெஞ்சுக்கா.

– இந்தப் பக்கமா வந்து பேசு. எனக்கு அந்தக் காது கேக்காதுன்னு உனக்கே மறந்து போச்சு பாரு. எதனால கேக்காதுன்னாவது ஞாபகம் இருக்கா?

– ...சாட்டை.

– நம்ம குதிரை வெள்ளச்சியோட கண்ண எடுத்ததும் அப்பாவோட அதே சாட்டைதான். பந்தயத்துக்குப் பழக்குறாராம்! ஒரு கண்ணு சாட்டைல போச்சு, இன்னொண்ணு வயசுல போச்சு. கசாப்புக்கு ஏத்தினப்போ நான்தான் குறுக்க விழுந்து பிடிச்சுட்டு வந்தேன். அவளுக்காக ஆரம்பிச்சதுதான்டா இந்த இடமே.

– தெரியும்கா.

– என்ன தெரியும்? எந்தக் குதிரை வந்தாலும் முதல்ல வேலி ஓரமா நிறுத்துவேன். வெள்ளச்சி வந்து மோந்து பாப்பா. அவ காத மடக்கிட்டுப் பின்வாங்கினா, அது எவ்வளவு பாவப்பட்ட ஜீவனா இருந்தாலும் வேற இடம் பாத்து அனுப்பிடுவேன். இங்க அவ வெச்சதுதான் சட்டம்.

– அப்போ அப்பாவையும் நிறுத்து.

– என்னது?

– வேலி ஓரமா நிறுத்துறேன். அது மோந்து பாக்கட்டும். பின்வாங்கினா நானே கூட்டிட்டுப் போயிடறேன், அப்புறம் உன் வாசல மிதிக்க மாட்டேன். ஒத்துக்கிச்சுன்னா அவர் இங்கதான்.

– டேய், மிதிச்சே கொன்னுடுவாடா அவர.

– கொன்னா உனக்கென்ன நஷ்டம்?

– ...சரி, கூட்டிட்டு வா. நானும் அதப் பாக்கணும்.

– அப்பா, இறங்குங்க. மெதுவா. என் தோளப் பிடிச்சுக்கோங்க.

– என்ன எழவுடா இது, ஒரே மூத்திர நாத்தம்? ஆஸ்பத்திரியா?

– அக்கா இடம்பா. அக்கா நிக்கிறா பாருங்க.

– எந்த அக்கா? ஓ, நீயா. இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறியா, எழவே?

– வாங்க, வேலிகிட்ட வாங்க. இன்னும் கிட்ட. வெள்ளச்சி, வாடி. யாரு வந்திருக்கான்னு பாரு.

– அக்கா, கயித்த இறுக்கிப் பிடி. அதுக்கு உடம்பெல்லாம் நடுங்குது.

– நடுங்காம? கயித்த விட்டுட்டேன். இனி அவ இஷ்டம்.

– டேய், டேய்! யார் குதிரைடா இது? மேல வந்து சாயுது! தள்ளுங்கடா எழவ!

– அக்கா... தலையக் கொண்டு போய் அவர் தோள்ல வெச்சுக்கிச்சுக்கா. காதக்கூட மடக்கல. பாரு, சட்டைப் பையத் துழாவுது. அடிச்சு முடிச்சதும் சக்கரை கொடுப்பார்ல, அதத் தேடுது.

– எனக்குக் கொடுத்ததில்ல.

– அப்பா, இது வெள்ளச்சிப்பா. உங்க வெள்ளச்சி.

– எந்த வெள்ளச்சி? ஆயிரம் கழுதைய ஓட்டியிருக்கேன், எவனுக்கு ஞாபகம்? சட்டையெல்லாம் எச்சில்.

– குட்டி மாதிரி முனகுதுக்கா. கேக்குதா?

– கேக்குது. இன்னைக்குத்தான் கேக்கறேன். புண்ணக் கழுவி, கையால ஊட்டி, மழைல கூடவே நின்னு... ஒரு நாள் என் தோள்ல சாஞ்சதில்லடா.

– பேசினது பேசினபடி, அப்பா உள்ள. நான் போய் அவர் பெட்டிய எடுத்துட்டு வரேன்.

– பெட்டி கிடக்கட்டும். லாரிக்குப் பின்னால பலகைய இறக்கு.

– எதுக்கு?

– அவளையும் ஏத்திக்கோ.

– அக்கா! குருட்டுக் குதிரைய வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? எவன் சேத்துப்பான் இத?

– அவரு பஸ் ஸ்டாண்டுக்கு. அவ கசாப்புக்கு. நீ உன் வீட்டுக்கு. நான் கேட்டச் சாத்திட்டு மத்ததுங்களுக்குத் தீனி வைக்கப் போறேன்.