ஹைட்ரஜனில் விதை

கம்பத்திலிருந்து தேனி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவர் சொன்னார்:

“ஆய்வுக்கு வந்த சார் என் ஹைட்ரஜனைத் தின்னுட்டாகக்கா.”

காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

“ஹைட்ரஜனையா?”

“மீத்தேன் மாடல் செஞ்சிருந்தேன்ல. கார்பனுக்கு எலுமிச்சம்பழம், ஹைட்ரஜனுக்கு நாலு பன்னீர் திராட்சை, எல்லாத்தையும் பல்லுக்குச்சியில குத்தி வச்சிருந்தேன். பேசிக்கிட்டே ஒண்ணை உருவி வாயில போட்டாக.”

“பிள்ளைக பாத்துச்சுகளா?”

“பாக்காம இருக்குங்களா? விதையைத் துப்ப இடமில்லாம, ‘ஹைட்ரஜனுக்குள்ள இது என்னம்மா’ன்னு பிள்ளைககிட்டயே கேட்டாக. முன் பெஞ்சுக்காரி எந்திரிச்சு, ‘புரோட்டான் சார்’ன்னா.”

“கெட்டிக்காரி.”

“எனக்குப் போன உசுரு வந்துச்சு. அவுக விடல. ‘ஹைட்ரஜனுக்குப் புரோட்டான் ஒண்ணுதானே, என் வாயில ரெண்டு கெடக்கே’ன்னாக.”

“அய்யய்யோ.”

“அவ உக்காரவே இல்லக்கா. ‘அப்ப நீங்க தின்னது ஹீலியம் சார்’ன்னுட்டா.”

சின்னமனூரில் இறங்க எழுந்த மூத்தவர், கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“அதுக்கு அவுக என்ன சொன்னாக?”

“ரெண்டு புரோட்டானையும் முழுங்கிட்டாக.”