ஐந்தாவது கேள்விக்கு என் பதில்

எனக்குப் பொறுமை அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நூல் சிக்கிக்கொண்டால் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைத்தான் கூப்பிடுவாள். அக்காவின் லேப்டாப்பில் எதையாவது ஏற்ற வேண்டுமென்றாலும் நான்தான். அந்த நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து மறுமுனையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருக்க அக்காவால் முடியாது. எனக்கு அது பிடிக்கும். அது என்னிடம் பேச்சுக் கொடுக்காது.

அக்கா கல்லூரி இசைத்துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தெருவில் கூவி விற்கிறவர்களின் குரல்தான் அவளுடைய பாடம். காய்கறி வண்டியம்மா, உப்புக்காரர், பழைய இரும்பு எடுக்கிறவர். ஜன்னலைத் திறக்காமலே இன்னார் வந்திருக்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே, எப்படி? ஒவ்வொருவரும் கடைசி எழுத்தை ஒவ்வொரு விதமாக நெளிக்கிறார்கள் என்றாள் அக்கா. அந்த நெளிவைக் கணினியில் அளந்து கோடாக வரைந்து காட்டுவாள். அதற்கென்றே இசையைப் பிரித்துப் பார்க்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது.

குரல்களையெல்லாம் என் ஃபோனில் பதிவு செய்தது நான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்ணுக்கு ஜன்னலோரம் நிற்க நேரம் நிறைய உண்டு. ஏன் படிப்பை நிறுத்தினேன் என்றால் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள்.

"ரெண்டு பொண்ணுக்கும் சேத்து ஒரே வாய்தான் குடுத்தான் கடவுள். அதையும் பெரியவ வாங்கிக்கிட்டா" என்பாள் அம்மா. உண்மைதான். கதவு தட்டினால் அக்கா போவாள். கடையில் எனக்கு வேண்டியதை அவள் கேட்டு வாங்குவாள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் என்னைக் கேட்டால் அக்கா பதில் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அப்படிப்பட்டவளைத் தொலைதூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. வீட்டிலிருந்தே திரைவழியாகப் பேசினால் போதும். மூன்று குரல்களையும் அவர்கள் கண்ணெதிரே அளந்து காட்ட வேண்டும். தேறினால் நான்கு வருடம் அங்கேதான்.

அந்த வாரம் பார்த்து லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அதில் எனக்குப் பங்கில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கடைக்காரர் புதிதாக ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஏய் ஊமைக்கோட்டான், எல்லாத்தையும் திரும்ப ஏத்திக் குடுடி. வியாழக்கிழமை என் தலையெழுத்தே அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் அக்கா, புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

முதலில் மென்பொருளை ஏற்றினேன். அது முடிந்ததும் ஐந்து கேள்விகள் வரும். இவையெல்லாம் கூடுதல், விருப்பப்பட்டால் மட்டும் என்று மேலேயே எழுதியிருக்கும். படம் வரையும் நிரல் வேண்டுமா? ஆம். இசைக்குறிப்பை அச்சடிக்கும் நிரல்? ஆம். ஒலியை இசைத்துக் காட்டுவது? ஆம். பெரிய கணக்குகளை வேகமாகப் போடுவது? ஆம். ஐந்தாவது, குரலின் நெளிவை அளக்கும் நிரல். இது இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. ஆனால் நெளிகிற குரலையெல்லாம் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கொடி மாதிரி வளைய வேண்டிய கோடு மாடிப்படி மாதிரி வரும்.

வேண்டாம் என்று அழுத்தினேன்.

விருப்பமா என்று கேட்டது, இல்லை என்றேன். கேட்டது என்னை. சொன்ன பதிலும் உண்மை. என் விருப்பத்தைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவசரப்படாமல் காத்திருந்த ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கை தவறிவிட்டது என்று சொல்லலாமென்று வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முழுதாகப் பொருந்தியிருக்காது. ஐந்தாவது நிரல் இல்லாவிட்டால் மென்பொருள் திறக்கும்போதெல்லாம் 'நெளிவு அளக்கப்படாது' என்று மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கும். நல்ல பழக்கம்தான். அந்த எச்சரிக்கையை வாயடைக்க ஒரு வரி எழுத வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. எனக்குத்தான் பொறுமை அதிகமாயிற்றே.

"போட்டுப் பாத்தியாடி?"

"பாத்தேன்கா."

பொய் இல்லை. மூன்று குரலையும் போட்டுப் பார்த்தேன். மூன்று மாடிப்படிகள். உப்புக்காரரும் வண்டியம்மாவும் ஒட்டிப் பிறந்தவர்கள் போலிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். திரையில் மூன்று பேர். நடுவிலிருந்த கண்ணாடிக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"மூணு பேரும் வேற வேற மாதிரி நெளிக்கிறாங்கன்னு சொல்றீங்க. எங்கம்மா நெளிவு? படிக்கட்டுதானே தெரியுது?"

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "ஒரே ஆளையே மூணு தடவை பதிவு பண்ணிட்டீங்களோ என்னமோ."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில், கையில் புத்தகத்தோடு, அதே முகத்தைப் போட்டுக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.

மதியம் அவள் குளியலறையில் நீண்ட நேரம் இருந்தாள். நான் லேப்டாப்பைத் திறந்து ஐந்தாவது நிரலை ஏற்றினேன். நான்கு நிமிடம்தான். அந்த ஒரு வரியையும் அழித்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அம்மா எங்களைப் பழக்கியிருக்கிறாள்.

சாயங்காலம் அக்கா மறுபடி போட்டுப் பார்த்தாள். மூன்று கொடிகளும் அழகாக, மூன்று விதமாக வளைந்து வந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலைல நான் எந்த ஃபைலைத் திறந்தேன்னே தெரியலடி. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

"பதட்டம்கா. எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்று தலையைக் கோதிவிட்டேன். அவள் என் மடியில் படுத்து அழுதது அதுதான் முதல்முறை. எப்போதும் நான்தான் அவள் மடியில் படுப்பேன்.

அதன்பிறகு அவள் துறைப்பக்கம் போகவில்லை. அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். வாயால் சொல்ல வராததை எழுத எனக்கென்று வைத்திருந்த நோட்டுகளில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். அவள் இன்னும் எதுவும் எழுதவில்லை. கதவு தட்டினால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். "நல்லாயிருக்கு போ, இருந்த ஒரு வாயும் போச்சு" என்று முனகியபடி அம்மா எழுந்துபோகிறாள். வருத்தமாக இருக்கிறது. ஆனால் வீடு அமைதியாக இருக்கிறது, இரண்டு பேராக இருப்பது நன்றாக இருக்கிறது, இதையும் சொல்ல வேண்டும்.

நேற்று அக்காவின் பேராசிரியர் துறையின் லேப்டாப் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கோளாறு பழைய லேப்டாப்பில் இருந்திருக்கும், பல்கலைக்கழகத்தாரிடம் பேசிவிட்டேன், வருகிற வியாழக்கிழமை இன்னொரு முறை பார்க்கிறார்கள் என்று சீட்டும் எழுதியிருந்தார். அக்கா அதைத் தொடவில்லை.

"நீயே ஏத்திக் குடுடி. என் கைய நானே நம்பல."

இதோ என் முன்னால்தான் இருக்கிறது. நான்கு கேள்விகளுக்கு ஆம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவது கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பக்கத்து அறையில் அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள். போக ஆசையா என்று அவளையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்தான். பாவம், அவளுக்கு இப்போதெல்லாம் சட்டென்று பதில் சொல்ல வருவதில்லை. போன வாரம் டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டபோதுகூட அவளுக்காக நான்தான் சொன்னேன்.

பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.