அட்டையில் குறைந்த இரண்டு மாத்திரை

சூளையில் வேகும் பீங்கான் வாசனை வந்தாலே அந்த விருத்தாசலம் டவுன் பஸ் நினைவில் உறுமும். எனக்கு முன் சீட்டில் பீங்கான் கம்பெனிக்குப் போகும் அண்ணியும், தையல் கிளாஸுக்குப் போகும் கல்யாணமாகாத நாத்தனாரும்.

“அரிப்புக்கு டாக்டரம்மா குடுத்த மாத்திரடி. உள்ள வெக்கிறது, ஆறு நாளைக்கி. ரெண்டக் காணோம்.”

“என்னை ஏன் பாக்கறீங்க அண்ணி?”

“நீதான் அத்தகிட்ட காட்டியிருப்ப. இவ புள்ள தங்காம இருக்க மருந்து வெக்கிறாள்னு அவங்க என்னைய எங்கம்மா வூட்டுக்கே தொரத்தட்டும்னுதான?”

“அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்ப மாத்திர எங்க?”

நாத்தனார் இறங்கும் இடம் வந்துவிட்டது. எழுந்தவள் அண்ணியின் காதருகே குனிந்தாள்.

“நான்தான் வெச்சிக்கிட்டேன். எனக்கும் அரிக்குது அண்ணி. கலியாணம் ஆவாதவ இதை யாருகிட்ட சொல்லுவேன்?”

“மீதியத் தொடாத. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு. அத்தகிட்ட தையலு லேட்டுன்னு நானே சொல்லிக்கிறேன்.”