அங்கள் கீழ எறங்க மாட்டேங்குறாரு

எதுத்த வீட்டு ரமணிதான் தம்பி மொதல்ல எங்கிட்ட சொன்னா. போன வியாழக்கெழம சாயங்காலம். அடுப்புல பருப்பு கொதிக்குது, கதவத் தட்டி, “அக்கா, ஒங்க வீட்டுக்காரர போலீஸ் நிப்பாட்டி வச்சிருக்கு, போய்ப் பாருங்க”ங்குறா. ஆண்டவரேன்னு கரண்டியோட ஓடுறேன். இந்த லிப்ட்டு என்னைக்கு அவசரத்துக்கு வந்திருக்கு? நாலு மாடியும் படிதான். படிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டே எறங்குனேன்.

பாத்தா... இப்ப நீயும் நானும் உக்காந்திருக்கோமே, இதே சிமெண்டு பெஞ்சுதான். எங்க வீட்டுக்காரரு, இராயப்பன் அங்கள், கைலியோட உக்காந்திருக்காரு. பக்கத்துல அவரு கூட்டாளி காஜா மொய்தீன் அண்ணே, அவரும் கைலி. முன்னால ரெண்டு போலீஸ்காரங்க அடையாள கார்டு எங்க, ஐசி எங்கன்னு கேக்குறாங்க. காத்து வாங்க எறங்குன மனுசன் ஐசிய இடுப்புலயா சொருகிக்கிட்டு வருவாரு, நீயே சொல்லு.

அந்தப் போலீஸ் பையனையும் கொற சொல்லக்கூடாது. அஃபிக்னு சட்டையில பேரு போட்டிருந்துச்சு. பாக்சிக், பாக்சிக்னு பெரியவங்கள கூப்புடுற மாதிரி மரியாதையாத்தான் பேசுனான். இங்க ஆளுங்க வேல வெட்டியில்லாம சும்மா உக்காந்து லெப்பாக் அடிக்குறாங்கன்னு புகார் வந்திருக்காம், அதான் விசாரிக்குறாங்களாம். காஜா அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. “இராயப்பா, இந்த வயசுல நம்மள ரவுடின்னு நெனச்சிருக்காங்கடா, சந்தோசப்படு”ங்குறாரு.

இவருக்கு சிரிப்பு வரல தம்பி. துறைமுகத்துல கிரேன் ஓட்டி புள்ளைங்கள படிக்க வச்ச மனுசன். பிளாட்டே ஜன்னல்ல நின்னு பாக்குது. ஐசிய நான் கொண்டாந்து காட்டுனதும் மேல போனவருதான், இன்னும் எறங்கல.

போன் அடிக்குதா? சோறு கொண்டுபோற ஆர்டரா? இல்லியா, நல்லது, உக்காரு.

வீட்டுல இவர வச்சிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே... சாம்பார்ல புளி கூடுங்குறாரு. துணி காயப்போட்டா இப்படியா போடுறதுங்குறாரு. ஜெபமால சொல்ல உக்காந்தா, பக்கத்துலயே உக்காந்து, “இந்த மணிய ஏற்கனவே சொல்லிட்ட”ங்குறாரு. கோலாலம்பூர்லேருந்து மக லினெட்டு கூப்ட்டா, “சும்மா இருக்கேம்மா”ன்னு போன எங்கிட்ட நீட்டிடுறாரு. காஜா அண்ணே ரெண்டு தரம் வந்து கூப்ட்டுப் பாத்துட்டாரு. தூங்குறேன்னு சொல்லுங்குறாரு இவரு. நான் பொய் சொல்லுவேனா? “கண்ண மூடிக்கிட்டு இருக்காரு அண்ணே”ன்னேன். உண்மதானே.

புகார் யாரு குடுத்ததுன்னு கேக்க மாட்டியா?

நாந்தான் தம்பி. அவரப் பத்தி இல்ல, ஒங்களப் பத்தி. குடியிருப்புக் காவல் குழு தலைவி, அந்த மலாய்க்காரம்மா சித்தி ஆயிஷாகிட்ட நானேதான் போயி, பசங்க மோட்டர் பைக்க நிப்பாட்டிட்டு பகல் பூரா லெப்பாக் அடிக்குறானுங்க, போலீஸ அனுப்புங்கன்னேன். மோட்டருக்குப் பின்னால பொட்டி இருக்குறது எனக்கும் தெரியுது. சோறு கொண்டு போறவன் எதுக்கு உக்காந்தே கெடக்கணும்னு நெனச்சேன். முனையில நாசி கண்டார் சோத்துக் கட இருக்குது, ஆர்டர் வர்ற வரைக்கும் கிட்டவே காத்திருக்கணும்னு அப்புறந்தான் ரமணி சொன்னா. சாயங்காலமானா ஆர்டர் குவிஞ்சு நீங்க பறந்துடுறீங்க. காலியான பெஞ்சுல கைலிக்காரங்க வந்து உக்காருறாங்க. போலீசு வந்தது அந்த நேரமாப் பாத்து.

பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொன்னேன். அவரு சிரிப்ப அடக்கிக்கிட்டு, வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்கம்மான்னாரு. நேத்து சொல்லிட்டேன். திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. “அந்தப் பசங்க ஒனக்கு என்ன செஞ்சாங்க?”ன்னு கேட்டாரு.

காலையிலயே சித்தி ஆயிஷாகிட்ட போயி, புகார் வேணாம், அது என் தப்புன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒங்கிட்டயும் சொல்லணும்னுதான் இப்ப எறங்குனேன். மனசுல வச்சிக்காத.

நான் கூப்ட்டாலும் வரமாட்டாரு, காஜா அண்ணே கூப்ட்டாலும் வரமாட்டாரு. ஒங்களுக்காகக் கேட்ட மனுசன், நீங்க கூப்ட்டா அவரால தட்ட முடியாது. நாலாவது மாடி, மாதா படம் ஒட்டுன கதவு. மேல ஆர்டர் குடுக்கப் போறப்ப ஒரு தட்டு தட்டி, “அங்கள், எங்ககூட கொஞ்ச நேரம் உக்காருங்க”ன்னு மட்டும் சொல்லுய்யா.